மூச்சைப் பிடித்த முகங்கள்

எக்ஸ்ரேக்காரர் தம் மனைவியை எடுத்த படங்களிலேயே, பார்த்தவர்கள் வாயாரப் பாராட்டியது ஒன்றே ஒன்றைத்தான். அதில் முகம் கிடையாது. விலா எலும்புகள் இரு பக்கமும் சீராக விரிந்திருந்தன. இதயம் தன் இடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. நுரையீரலில் பொட்டுக் கறை இல்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கு மார்புப் படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கணவர் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே எடுத்துவிடலாம் என்று மனைவியான டீச்சர் வந்திருந்தார். படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த டாக்டர், "இப்படி ஒரு சுத்தமான படம் வந்து நாளாச்சு. ஆடாம அசையாம நின்னிருக்காங்க" என்றார்.

எக்ஸ்ரேக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆடாமல் அசையாமல் நிற்பதுதான் அவர் வீட்டுப் பிரச்சினையே.

டீச்சர் என்றால் ஒன்றாம் வகுப்பு டீச்சர். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். வீட்டில் கணவரும், கொஞ்சம் கிண்டல் சேரும்போது, அப்படித்தான் கூப்பிடுவார். டீச்சருக்கு வாய் பேசினால் கையும் பேசும், புருவமும் பேசும். ஒரு பேச்சு முடிவதற்குள் கோபம், சிரிப்பு, சந்தேகம் மூன்றும் முகத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பிள்ளைகளுக்குப் பூனைக் கதை சொன்னால் பூனையாகவே ஆகிவிடுவார். அப்பேர்ப்பட்ட முகம், கணவரின் கேமராவுக்கு முன்னால் வந்ததும் பூட்டுப் போட்டுக்கொள்ளும். தோள் ஏறும், உதடு ஒட்டும், கண் தூரத்தில் பஸ் வருகிறதா என்று பார்க்கும்.

"உங்க படத்துல எல்லாம் நான் துக்கம் விசாரிக்க வந்தவ மாதிரியே இருக்கேன்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். "இனிமே என்னை எடுக்காதீங்க. சுவத்தை எடுங்க, செருப்பை எடுங்க. அதுங்க உங்களுக்கு நல்லா வருது."

அது உண்மைதான். எக்ஸ்ரே அறைக்கு வெளியே நோயாளிகள் கழற்றிப் போட்ட செருப்புகள், மழையில் நனைந்த சைக்கிள் சீட்டு, மாடிப்படியில் மடங்கி மடங்கி ஏறும் வெயில் என்று அவர் எடுத்தால் பார்ப்பவர்கள் ஒரு கணம் நின்றுதான் போவார்கள். வேலை நிரந்தரமான வருஷம் வாங்கிய கேமராவில் ஆரம்பித்த பழக்கம். யாரிடமும் படித்ததில்லை, எடுத்து எடுத்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. மனிதர்கள் மட்டும் அவருக்கு வசப்படவில்லை.

மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. மகள் கடல் தாண்டி வேலையில் இருக்கிறாள். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான் என்பதைக் கை முறிந்து வந்தவர்களிடம்கூட எக்ஸ்ரேக்காரர் சொல்லியாகிவிட்டது. டீச்சர் பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அரை வருஷம் போய் இருந்துவிட்டு வருவதாக முடிவானது. எக்ஸ்ரேக்காரருக்கு விடுப்பு கிடைக்காது. பேரப்பிள்ளையைப் போனில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்டி வாங்கி வந்த அன்றுதான் அவருக்கு உறைத்தது. காலையில் எழுந்தால் சத்தம் இருக்காது. மாலையில் கதவைத் திறந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். டீச்சர் இல்லாத வீட்டில் டீச்சருடைய முகமாவது ஒன்று இருக்க வேண்டும், அது டீச்சர் முகமாகவே இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இருக்கிற படங்களை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பெண்மணி, டீச்சரின் புடவையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

இதை மனைவியிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். "ஒரு படம் எடுத்துக்கட்டுமா" என்று மட்டும் கேட்டார்.

"எதுக்கு? உங்க ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல வச்சு அலசுறதுக்கா? நான் என்ன அங்க வர்ற சாமானா?"

"அதுக்கில்ல. சும்மாதான்."

"சும்மான்னா வேண்டாம்" என்று டீச்சர் துணி மடிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று டீச்சர் சொன்னது தையல்கடை மாடியில் நடப்பது. கடைக்காரர், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுபவர், அங்கே துணி வெட்டும் நீளமான மேஜை போட்டிருந்தார். அன்று காலையில் மட்டும் கத்தரியும் சாக்கட்டியும் ஒதுங்க, மேஜையில் படங்கள் பரவும். வருகிறவர்கள் நான்கு பேர்: மாஸ்டர், எக்ஸ்ரேக்காரர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் அக்கா, மருந்துக்கடைக்காரத் தம்பி. யாருக்கும் படமெடுப்பது பிழைப்பு இல்லை. எடுத்ததைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்து காட்டுவதும், நல்லது கெட்டதைப் போட்டு உடைப்பதும்தான் வேலை. அங்கே ஒரு சட்டம் உண்டு. படம் யாருடையதோ அவர் இஸ்திரி மேஜைப் பக்கம் போய் நின்றுகொள்ள வேண்டும். மற்றவர்கள் பேசி முடிக்கிற வரை வாய் திறக்கக் கூடாது. படம் தானே பேசட்டும், எடுத்தவர் வக்காலத்து வாங்கக் கூடாது என்பது மாஸ்டர் போட்ட விதி.

அந்த ஞாயிறு எக்ஸ்ரேக்காரர் ஒரு பை நிறையக் கொண்டுபோய் மேஜையில் கொட்டினார். கல்யாணமான புதிதில் எடுத்தது முதல் போன வருஷம் வரைக்கும் எல்லாம் டீச்சர்.

"இதெல்லாம் நல்லா இருக்கான்னு கேக்க வரல. நல்லா இல்ல, எனக்கே தெரியும். ஏன் நல்லா இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இஸ்திரி மேஜைப் பக்கம் போய்விட்டார்.

மாஸ்டர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். "தோள் தப்பு" என்றார். "டீச்சரம்மாவுக்கு நான்தான் தைக்கிறேன். அவங்களுது இறக்கமான தோள். இதுல எல்லாத்துலயும் ஏறி காதுகிட்ட நிக்குது. இதைப் பார்த்து ஒருத்தன் அளவெடுத்தான்னா தொலைஞ்சான்."

"என்கிட்ட முதல் நாள் வண்டி பழக வர்றவங்க இப்படித்தான் உக்காருவாங்க" என்றார் அக்கா. "ஸ்டியரிங்கைப் புடிக்கிற புடியில அது கழண்டு கையோட வந்துரும்போல இருக்கும். அவங்க எதுக்கோ பயப்படுறாங்க."

"எக்ஸ்ரே அண்ணனுக்கா?" என்றான் தம்பி.

"டீச்சரம்மா அவருக்குப் பயப்படறதா? நீ அவங்க வீட்டுப் பக்கம் போனதே இல்லயா?"

எக்ஸ்ரேக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்டர் கத்தரியைத் தூக்கிக் காட்டினார். வாய் மூடிக்கொண்டது.

தம்பி ஒரு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "கன்னத்தைப் பாருங்க. காத்து உள்ள இருக்கு. மூச்சுக்கு மருந்து வாங்க வர்றவங்க கன்னம் இப்படித்தான் இருக்கும். பக்கத்துல நிக்கிற அவங்க பொண்ணுக்கும் அதேதான். பின்னாடி யாரு இது, மச்சானா? அவருக்கும் அதே."

"குடும்பத்துக்கே வந்திருக்கே" என்றார் அக்கா. பிறகு ஜன்னலோரம் இருந்த முக்காலியில் ஏறி உட்கார்ந்தார். "சரி, பேசினது போதும். என்னை ஒண்ணு எடுங்க. நீங்க எப்படித்தான் எடுக்கிறீங்கன்னு பார்ப்போம்."

எக்ஸ்ரேக்காரர் கேமராவைத் தூக்கினார். வெளிச்சம் பார்த்தார். ஓர் அடி பின்னால் போனார். "நேரா பாருங்க. தாடை கொஞ்சம் மேல. தோள் ரெண்டையும் முன்னால தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க... புடிங்க. அசையாதீங்க."

கேமரா சொடுக்கியது.

"விடுங்க."

அறையில் எல்லோருடைய மூச்சும் ஒன்றாக வெளியே வந்தது. அக்கா விட்டார். தம்பி விட்டான். படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கத்தரியோடு மூலையில் நின்றிருந்த மாஸ்டரும் விட்டார். எடுத்தவரும் விட்டார்.

பிறகு அக்கா முக்காலியிலிருந்து விழாமல் இருக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன சிரிப்பு?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"யோவ், நீர் எங்களைப் படமா எடுக்கிறீர்? எலும்பையில்ல எடுக்கிறீர்" என்றார் மாஸ்டர்.

"நான் என்ன சொன்னேன்?"

தம்பி அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினான். அவர் நம்பவில்லை. தன் குரலை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. காலையிலிருந்து மாலை வரை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, மைக்கில், ஒரே ராகத்தில் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லும் அவர் விரலும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி ஆகியிருந்தன. "சரி, சொல்லாம எடுங்க" என்று அக்கா மறுபடியும் உட்கார்ந்து காட்டினார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். விரல் பட்டனில் கிடந்தது, அழுந்தவில்லை. கடைசியில் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டுதான் எடுத்தார். செருப்பும் சுவரும் ஏன் நன்றாக வந்தன என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. அவற்றிடம் அவர் எதுவும் சொல்வதில்லை. சொன்னாலும் அவை மூச்சைப் பிடிக்கப் போவதில்லை.

அன்று மாலை மகள் போன் செய்தபோது அவளிடமே கேட்டார். "ஏம்மா, நான் போட்டோ எடுக்கும்போது மூச்சைப் புடின்னா சொல்வேன்?"

"ஆமா. எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க?"

"இல்லயாம்."

"அப்பா, அப்ப ஸ்கூல் குரூப் போட்டோவுல நான் மட்டும் தவளை மாதிரி இருக்கிறது உங்களாலதானா? அந்தப் போட்டோக்காரர் விடுங்கன்னு சொல்லவே இல்லப்பா. எனக்குத் தலை சுத்திப்போச்சு. நான் அவரு மறந்துட்டாருன்னு நெனச்சேன்."

காரணம் தெரிந்துவிட்டது, இனி சுலபம் என்று அவர் நம்பினார். மறுநாள் டீச்சர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரப்பிள்ளைக்கு வாங்கிய குட்டிச் சட்டைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் தனியாக ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேக்காரர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கதவோரம் நின்று கேமராவைத் தூக்கினார். டீச்சர் நிமிர்ந்தார். கேமராவைப் பார்த்தார். தோள் ஏறியது, உதடு ஒட்டியது, மூச்சு நின்றது. கல்யாணமான நாளிலிருந்து பழகிய உடம்பு, யாரும் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்று காத்திருக்கவில்லை.

அவர் பேசாமல் நின்றார். டீச்சரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். முகம் சிவக்க ஆரம்பித்தது.

"சொல்லித் தொலைங்களேன்" என்று டீச்சர் வெடித்தார். "எவ்வளவு நேரம் புடிச்சுக்கிட்டே இருக்கிறது?"

வேறு வழியில்லாமல் அவர் தையல்கடை மாடியில் நடந்ததை எல்லாம் சொன்னார். மாஸ்டர் மூச்சுப் பிடித்ததைச் சொன்ன இடத்தில் டீச்சர் சிரிக்க ஆரம்பித்தவர், குட்டிச் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எக்ஸ்ரேக்காரர் வெட்கத்தில் கேமராவைக் கட்டிலில் வைத்துவிட்டிருந்ததால் அந்தச் சிரிப்பும் கைநழுவிப் போயிற்று.

"அது சரி" என்றார் டீச்சர், மூச்சு வாங்கிக்கொண்டு. "என் மூஞ்சி மேல இப்ப என்ன திடீர்னு இவ்வளவு அக்கறை? மாடியில ஏதாவது போட்டி வச்சிருக்கீங்களா?"

"போட்டியெல்லாம் இல்ல. நீ போயிருவ. வீட்டுல வச்சுக்க ஒண்ணு வேணும்னு பார்த்தேன்."

"தினமும் போன்ல மூஞ்சியப் பார்த்துத்தானே பேசப் போறோம்."

"அது நீ அங்க இருக்கிற மூஞ்சி. இங்க இருக்கிற மூஞ்சி எனக்கு வேணும்."

டீச்சர் கையிலிருந்த சட்டையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

"இதை மொதல்லயே சொன்னா வாயில இருக்கிறது கொட்டிருமா? சாமான்னு வேற பேசிட்டேன். வாங்க. எடுங்க" என்றார்.

எடுத்தார். ஒன்றும் சரியாக வரவில்லை. உதவி செய்ய வேண்டும் என்று டீச்சர் நினைத்ததும் முகம் இன்னும் மோசமாகிவிட்டது. சிரிக்க முயன்றால் பல் வலி வந்தவர் மாதிரி இருந்தது. திரும்பி நின்றார், ஜன்னலைப் பார்த்தார், தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பெட்டி மூடவில்லை என்று அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இப்படி எடுங்க, ரெண்டு வேலையும் ஆகும்" என்றார். அவர் எடுத்ததைக் காட்டினார். டீச்சர் பார்த்துவிட்டு, "பெட்டி நல்லா வந்திருக்கு" என்றார்.

அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. கேமராவின் மூடியைத் தேடினார்.

"இருங்க" என்றார் டீச்சர், பெட்டியிலிருந்து இறங்காமல். "உங்க மந்திரத்தையே சொல்லிப் பாருங்க. அது இல்லாம உங்களுக்கும் ஓடல, எனக்கும் ஓடல. ஆனா புடின்னதும் எடுக்காதீங்க. விடுன்னு சொல்லிட்டு எடுங்க."

அவர் யோசித்தார். மருத்துவமனையில், விடுங்க என்று சொன்ன பிறகு யாரையும் அவர் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் அவர் கண் திரையில்தான் இருக்கும்.

"நேரா பாரு. தாடை மேல. மூச்சை நல்லா இழு... புடி."

டீச்சர் பிடித்தார். அவரும் பிடித்தார். விரல் துடித்தது, அடக்கிக்கொண்டார்.

"விடு."

டீச்சர் விடவில்லை. கண்ணில் ஒரு குறும்பு வந்து உட்கார்ந்தது. முடிந்தால் எடுத்துப் பாருங்கள் என்பதுபோல் புருவத்தை ஏற்றினார்.

"விடுன்னு சொல்றேன்ல."

தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. கன்னம் இரண்டும் உருண்டையாக நின்றன. ஒன்றாம் வகுப்பில் பெஞ்சின்மேல் ஏற்றிவிடப்பட்ட பிள்ளை மாதிரி இருந்தார். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கேமராவைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, இவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் யாராவது வந்திருந்தால் இந்த வயதில் இவர்களுக்கு என்ன வந்தது என்று பயந்து போயிருப்பார்கள். கடைசியில் எக்ஸ்ரேக்காரர்தான் தோற்றார். இருமலும் செருமலுமாக அவருடைய மூச்சு வெடித்துக்கொண்டு வெளியே வந்தது. அதைப் பார்த்த டீச்சர் "ஹா" என்று பின்னால் சாய, உட்கார்ந்திருந்த பெட்டி சரிய, ஒரு கை கட்டிலைப் பிடிக்கப் பாய, வாய் திறந்து, தோள் இறங்கி, கண் இடுங்கி, முகம் மொத்தமும் அவிழ்ந்து சிரித்தார். விரல் அழுந்தியது. அது எப்போது அழுந்தியது என்று அவருக்கே தெரியாது.

டீச்சர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, இரண்டு பேருமாகத் தையல்கடை மாடிக்கு ஏறினார்கள். படி ஏறும்போதே, "அளவு கொடுக்க வந்திருக்கேன், இந்தக் கடை மாடிக்கு ஏறினதே இல்ல" என்றார் டீச்சர். எக்ஸ்ரேக்காரர் படத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சட்டப்படி இஸ்திரி மேஜைப் பக்கம் போனார். டீச்சருக்கு முக்காலி கிடைத்தது.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"தோள் இறங்கிருச்சு" என்றார் மாஸ்டர். அவர் முகத்தில் சொந்தத் தையல் சரியாக உட்கார்ந்த திருப்தி.

"ஆனா படம் சாஞ்சிருக்கு" என்றார் அக்கா. "கட்டில் ஒரு பக்கம் மலையேறுது. இடது கையைக் காணோம், வெறும் புகையா இருக்கு."

"கை ஓடிச்சு. நான் விழப் போனேன்ல" என்றார் டீச்சர்.

மாஸ்டர் கத்தரியைத் தூக்கினார்.

"அதை எதுக்குத் தூக்கறீங்க? பேசக் கூடாதுங்கிறது எடுத்தவருக்குத்தானே. நான் எடுக்கப்பட்டவ."

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். இப்படி ஒரு வழக்கு அந்த மேஜைக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"பெட்டி மூலை வெட்டுப்பட்டிருக்கு" என்று தம்பி மெதுவாகச் சொன்னான்.

"பெட்டியைப் பார்க்கணும்னா வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்."

"வெளிச்சமும் ஒரு பக்கமாத்தான் இருக்கு" என்றார் அக்கா, விடாமல்.

"ஒரு பக்கம்தான் ஜன்னல். இன்னொரு பக்கம் அடுத்த வீட்டு சுவர். அதுக்கு இவரு என்ன பண்ணுவாரு?"

குற்றம் ஒவ்வொன்றாக வந்தது. டீச்சர் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார். இத்தனை வருஷமாகத் தன் படங்களுக்குக் கிடைக்காத வக்கீல் ஒருவழியாகக் கிடைத்ததை, எக்ஸ்ரேக்காரர் இஸ்திரி மேஜைப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மாதத்தின் நல்ல படத்தை மாட்டும் ஆணியை மாஸ்டர் காட்டினார். "இது வீட்டுக்கு" என்று மட்டும் சொல்லி எக்ஸ்ரேக்காரர் படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எங்கே மாட்டுவது என்பதில் வீட்டில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. கூடத்தில் வேண்டாம், வருகிறவர்கள் எல்லாம் தன் கடைவாய்ப் பல்லை எண்ணிப் பார்ப்பார்கள் என்றார் டீச்சர். கட்டிலுக்கு எதிரே வேண்டாம், தூங்கும்போது யாரோ சிரிப்பது மாதிரி இருக்கும் என்றார் அவர். கடைசியில் சமையலறையில், அடுப்புக்கு நேர் மேலே ஆணி அடித்தார். "அங்கதான் சரி. நான் போனதும் நீங்க அடுப்பை அணைக்காம வேலைக்குப் போவீங்க. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்னு இருக்கட்டும்" என்று டீச்சர் உத்தரவு போட்டார்.

விமான நிலையத்துக்குப் போய்த் திரும்பிய மறுநாள் காலை அவர் தனக்கு ஒரு டீ போட்டார். வீடு அவர் நினைத்த அளவுக்கு அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்படியில் நிற்கும்போது, நிமிர்ந்தால் ஒரு பெண்மணி கையெல்லாம் புகையாகிச் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போகாமல் அங்கேயே நின்று குடித்தார்.

போன் வந்தது. மகளின் வீட்டுச் சமையலறை, அதில் டீச்சரின் பாதி முகம், பின்னால் மகளின் குரல்.

"சாப்பிட்டீங்களா? படம் எங்க இருக்கு, காட்டுங்க."

அவர் போனைத் தூக்கிக் காட்டினார்.

"என்னங்க, அடுப்புக்கு நேரா இருக்கு. தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்காதா? நீங்கதானே அடிச்சீங்க, ஒரு முழம் தள்ளி அடிக்கக் கூடாது?"

"நீதான் இங்க சொன்ன."

"நான் ஆயிரம் சொல்வேன். தள்ளி மாட்டுங்க."

எக்ஸ்ரேக்காரர் போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். இன்னும் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் கீழே என்று டீச்சர் அங்கிருந்து சொல்லச் சொல்ல, ஆணியை வாயில் கவ்விக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே சுவரில் இடம் பார்த்தார்.